நூலகத்தில் நெட் வரவில்லையா? ஃபைபர் பெட்டியிலிருந்து வாசகர் மேசை வரை

அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியின் நூலகத்தில் பதினொரு வருடமாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். "சார், நெட் வரல" என்று யாராவது வந்து நிற்காத வாரம் இல்லை. மூன்றே சொல்தான். ஆனால் அதற்குள் ஏழெட்டுக் கோளாறுகள் ஒளிந்திருக்கும். எது என்று பிரித்துப் பார்க்காமலே "பிளானைக் கூட்டணும்" என்று முதல்வருக்குக் கடிதம் போய்விடும். எங்கள் இடத்தில் அப்படித்தான் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) இணைப்பை 300 ஆக்கினார்கள். நூலகத்து வேகம் 94-ஐத் தாண்டவே இல்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கணினி ஆள் யாரும் இல்லாமல், நூலகரே எல்லாவற்றையும் பார்க்கும் கல்லூரிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு கேட்பது கடைசியில்.

## எதற்கும் முன்னால் ஒரு சோதனை

ஒரு மடிக்கணினி, நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த இரண்டு மீட்டர் கேபிள். இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு நெட் கட்டிடத்துக்குள் நுழையும் ஃபைபர் பெட்டிக்குப் போங்கள். சுவிட்ச் (ஒரு லைனைப் பல கணினிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), ஃபயர்வால் (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்தும் பெட்டி) எதுவும் நடுவில் வராமல் பெட்டியில் நேராகச் செருகிப் பாருங்கள். சில லீஸ்டு லைன்களில் (நிறுவனத்துக்கென்றே தனியாக எடுக்கும் இணைப்பு) ஐபி முகவரியைக் கையால் போட வேண்டியிருக்கும். அந்த எண்களை முன்பே ஒரு சீட்டில் எழுதி வைத்திருங்கள்.

அங்கே நெட் வந்தால் கோளாறு கல்லூரிக்குள். கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை. அங்கேயே வரவில்லை என்றால் கோளாறு வெளியே. உள்ளே எத்தனை கேபிளை மாற்றினாலும் வீண்.

ஐந்து நிமிட வேலைதான். ஆனால் பல கல்லூரிகளில் அந்தப் பெட்டி அலுவலகத்திலோ கணினி ஆய்வகத்திலோ பூட்டிய அறைக்குள் இருக்கும், சாவி யாரிடம் என்று தேடுவதற்குள் மதிய இடைவேளை வந்துவிடும். இன்னொரு சாவியை நூலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அதிகப் பலன் தந்த சீர்திருத்தம் அது.

## எந்தக் கணினியிலும் நெட் இல்லை

பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. அடாப்டர் கழன்றிருக்கும், அல்லது யுபிஎஸ் தீர்ந்திருக்கும். அதே பிளக்கில் ஒரு மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். மின்சாரம் வந்தும் பெட்டி எரியவில்லை என்றால் அடாப்டர் போயிருக்கலாம். வேறு அடாப்டர் போடும்போது அதில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக எதையாவது மாட்டி, பெட்டியையே கருக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பு. ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். பெட்டிக்குப் பின்னால் வரும் மெல்லிய மஞ்சள் வயர் மேசைக் காலுக்கடியில் மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றித் துடைக்க வேண்டாம். முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. பெட்டியை அணைத்துப் போட்டாலும் இது சரியாகாது. நேராகப் புகார்தான்.

பான் (PON) விளக்கு நிலையாகப் பச்சை, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவப்பு. லைன் நன்றாக இருக்கிறது, கணக்குதான் திறக்கவில்லை. பத்து நிமிடம் அணைத்துப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அலுவலகத்தில் மெதுவாகக் கேளுங்கள்: "பில் கட்டியாச்சா?" வவுச்சரில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் பில்லால் இரண்டு நாள் நெட் இல்லாமல் இருந்திருக்கிறோம்.

பெட்டியில் நெட் வருகிறது, நூலகத்தில் மட்டும் இல்லை. நூலகச் சுவிட்சைப் பாருங்கள். விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் மினுக்கினால் சரி. எல்லாமே ஒரே சமயத்தில் வெறிபிடித்தாற்போல் அடித்துக்கொண்டால் அது லூப். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே வலைக்குள் செருகப்பட்டிருக்கிறது.

எங்களுக்கு இது நடந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். புத்தகம் கொடுக்கும் மேசைக்கு அடியில் எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை தரை துடைத்த அக்கா, ஒரு கேபிளின் முனை கீழே தொங்குவதைப் பார்த்து, பாவம், நல்லெண்ணத்தில் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டார். மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில் இருந்தது. நூலகம் மட்டுமல்ல, வேதியியல் துறை வரைக்கும் நெட் படுத்துவிட்டது. கண்டுபிடிக்க நான் எடுத்துக்கொண்டது மூன்று மணி நேரம். செய்திருக்க வேண்டியது சுலபமான வேலை: சுவிட்சில் உள்ள கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ அதுதான் குற்றவாளி. அன்றிலிருந்து காலி போர்ட்டுகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்திருக்கிறேன்.

## ஒரே ஒரு கணினியில் இல்லை

பக்கத்துக் கணினியின் கேபிளைப் பிடுங்கி இதில் போடுங்கள். வந்துவிட்டால் கேபிள் கோளாறு. நாற்காலிச் சக்கரம் ஏறி நசுங்கியிருக்கும், அல்லது முனையின் கொக்கி உடைந்து லூசாக இருக்கும். கிரிம்பிங் கருவி இருந்தால் முனையை வெட்டிப் புதிதாகப் போடலாம். வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

கேபிள் நன்றாக இருந்தும் வராவிட்டால் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) அடித்து முகவரியைப் பாருங்கள்.

169.254 என்று தொடங்கினால் கணினி முகவரி கேட்டிருக்கிறது, யாரும் கொடுக்கவில்லை. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நாலைந்து கணினியில் இதே எண் வந்தால் கோளாறு கணினியில் இல்லை, முகவரி கொடுக்கும் ரௌட்டரில்.

முகவரி வந்திருக்கிறது, ஆனால் கேட்வே எண் (வெளியே போகும் வாசலான ரௌட்டரின் எண்) மற்ற கணினிகளில் இருப்பதுபோல் இல்லை என்றால், யாரோ வீட்டு ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கல்லூரிக் கேபிளை அதன் லேன் ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி விநியோகம் செய்கிறது. வெளியே எழுதிப் போடாமல் துறை துறையாகப் போய் "புதுசா வைஃபை வச்சீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் கிடைத்துவிடும். பெரும்பாலும் தலைவர் அறையில்தான் இருக்கும்.

எண்ணெல்லாம் சரி, தளம் மட்டும் திறக்கவில்லையா? கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் (ping) 8.8.8.8 அடித்துப் பாருங்கள், அது கூகுளின் எண். பதில் வந்தால் நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் தகராறு. கணினியின் டிஎன்எஸ் அமைப்பில் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போட்டுவிடுங்கள். கல்லூரியில் ஃபயர்வால் இருந்தால் இதற்கு முன் அதைப் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

## நெட் இருக்கிறது, ஆனால் ஊர்கிறது

அதிகமாக வரும் புகார் இது. தவறான மருந்து அதிகம் கொடுக்கப்படுவதும் இதற்குத்தான்.

முதலில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் உங்கள் கேட்வே எண்ணுக்கும் மற்றதில் 8.8.8.8-க்கும் பிங் ஓட விடுங்கள். எண்ணுக்குப் பின் இடைவெளி விட்டு "-t" சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். ஐந்து நிமிடம் பாருங்கள்.

கேட்வே பிங்கே 1 மில்லிசெகண்டிலிருந்து 50, 100 என்று குதிக்கிறது, நடுநடுவே விடுபடுகிறது. கட்டிடத்துக்குள் கோளாறு. கேபிள், சுவிட்ச், அல்லது அந்தக் கணினி வைஃபையில் இருக்கிறது.

கேட்வே நிதானமாக இருக்கிறது, வெளி பிங் மட்டும் 300, 500 என்று போகிறது. லைன் நிரம்பிவிட்டது. யாரோ எதையோ இழுக்கிறார்கள்.

இரண்டும் நிதானம், ஆனால் பக்கம் மட்டும் மெதுவாகத் திறக்கிறது. கணினியில் நினைவகம் போதவில்லை, அல்லது அந்தத் தளமே திணறுகிறது. செமஸ்டர் முடிவு வரும் நாளில் பல்கலைக்கழகத் தளம் திறக்காததற்கு நம் லைன் காரணமில்லை. இதை மாணவர்களுக்குப் புரியவைப்பது தனி வேலை.

உள்ளே கோளாறு என்றால் எங்கே பார்ப்பது? இப்போது அந்த 94-க்கு வருகிறேன். நூலகத்துக்கு வரும் பிரதானக் கேபிள் செருகியிருந்த சுவிட்ச் பழைய 10/100 வகை. அதன் உச்சமே 100. கழிவு போக 94 சொச்சம் கிடைக்கும். 300-க்கு மாதாமாதம் காசு கட்டியும் 94-தான் வந்து சேர்ந்தது. வேகச் சோதனையில் 90-லிருந்து 95-க்குள் ஒட்டிக்கொண்டு நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சுவிட்ச் கிகாபிட் வகையாக இருந்தும் 94 வந்தால் கேபிளின் எட்டு இழையில் ஒன்றிரண்டு அறுந்திருக்கும். நான்கு இழையில் 100 ஓடும், 1000-க்கு எட்டும் வேண்டும். முனையைப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் பெரும்பாலும் தீரும்.

பழைய வயரிங்குக்கு ஒரு பின்னணி உண்டு. 2009-இல் மத்திய அரசு தொடங்கிய கல்வித் திட்டத்தில் கல்லூரிகளுக்கு 512 கேபிபிஎஸ் பிராட்பேண்ட் இணைப்புகள் வந்தன. அந்த வேகத்துக்குப் போட்ட கேபிள்தான் பல கட்டிடங்களில் இன்னும் சுவருக்குள் கிடக்கிறது. எங்கள் மாடி கேபிள் 100 மீட்டரைத் தாண்டி, நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி ஒட்டப்பட்டிருந்தது. செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை.

லைன் நிரம்பியிருந்தால் கேள்வி வேறு: யார், எப்போது?

காலை பத்தரைக்கு எல்லாக் கணினியையும் ஒன்றாகப் போடும்போது மட்டும் ஊர்ந்தால் அது விண்டோஸ் அப்டேட். இருபது கணினி தனித்தனியாக ஒரே கோப்பை இறக்கும். அமைப்புகளில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. அதை உள்வலைக் கணினிகளுக்கு மட்டும் என்று திருப்பிவிட்டால் ஒன்று இறக்கியதை மற்றவை பகிர்ந்துகொள்ளும்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் என்றால் வீடியோ. யூடியூப் 1080பி-க்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் கேட்கும், 480பி-க்கு 1 சொச்சம் போதும். பாட வீடியோ பார்ப்பவரைத் தடுக்கக் கூடாது. 480-இல் பாருங்கள் என்று மேசையில் ஒரு சீட்டு ஒட்டினாலே பாதி தீர்கிறது.

கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வு நடக்கும் மாதம் என்றால் எந்த நேரமும் ஊரும். அலுவலகத்தில் ஸ்கேன் செய்து மலைபோல ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஏற்றும் வேகம் குறைவான பிராட்பேண்டில், ஏற்றுவது நிரம்பினால் இறக்குவதும் படுத்துவிடும். "ராத்திரி ஏற்றுங்கள்" என்று பேசிப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு கணக்குப் போடுங்கள். 40 கணினிக்கு 100 எம்பிபிஎஸ் என்றால், எல்லோரும் ஒரே சமயம் இழுத்தால் ஆளுக்கு 2.5. ஒரு 5 எம்பி ஆய்வுக் கட்டுரை என்பது 40 மெகாபிட், 16 விநாடியில் வந்துவிடும். படிக்க வருகிறவருக்கு அது போதும். நூலகத்துக்கென்று இவ்வளவு என ஃபயர்வாலில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லுங்கள். கல்லூரியின் மொத்த லைனை இரட்டிப்பாக்குவதைவிட நூலகத்துக்கு 40 எம்பிபிஎஸ் உறுதியாகக் கிடைப்பது மேல் என்பது என் கட்சி. அந்த ஒதுக்கீட்டை ஃபயர்வால் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், நீங்களே கைவைக்காதீர்கள்.

## கூகுள் திறக்கிறது, இதழ்கள் திறக்கவில்லை

நூலகத்துக்கே உரிய நோய் இது. லைன் போடும் ஆளுக்குப் புரியாது, "நெட் நல்லா இருக்கே சார்" என்று கையெழுத்து வாங்கிப் போய்விடுவார்.

"இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வருகிறது. திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், சான்றிதழ்கள் எல்லாம் செல்லாததாகத் தெரியும். சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரி, கடிகாரக் கடையில் கிடைக்கும்.

கடவுச்சொல் கேட்கிறது, உள்ளே விடவில்லை. கல்லூரி நூலகங்களுக்கான அரசு மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் மின் இதழ்ச் சேவை என்-லிஸ்ட் போன்றவற்றில் ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணக்கு. முதலில் கல்லூரியின் ஆண்டுச் சந்தா புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். அடுத்தது அந்த மாணவரின் கணக்கு உயிரோடு இருக்கிறதா, மின்னஞ்சல் முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா. ஜூன், ஜூலையில் வரும் புகாரில் பெரும்பகுதி இதுதான். பதிப்பாளர் தளத்தில் "நிறுவனம் வழியாக நுழைக" என்று இருந்தால், பட்டியலில் நம் கல்லூரியின் பெயர் எந்த எழுத்துக்கூட்டில் இருக்கிறது என்று ஒருமுறை நீங்களே தேடி, அதைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கடவுச்சொல் கேட்காமலே திறந்துகொண்டிருந்தது, இப்போது "சந்தா இல்லை" என்கிறது. இங்கே பதிப்பாளர் நம்மை அடையாளம் காண்பது வெளி ஐபி முகவரியை வைத்து. கூகுளில் என் ஐபி என்ன என்று தேடி வரும் எண்ணை, பதிப்பாளரிடமோ இன்ஃப்ளிப்நெட்டிடமோ பதிந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். லைன் கம்பெனியை மாற்றியபோது எண்ணும் மாறியிருக்கும், நூலகத்துக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புதிய எண்ணை எழுதி அனுப்பினால் தீரும். 192.168, 10 என்று தொடங்கும் உள் எண்களைப் பதிந்து அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த கல்லூரியும் எனக்குத் தெரியும்.

ரௌட்டரின் வெளி முகவரியே 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நமக்கென்று தனி எண் இல்லை. ஊரில் பலரோடு ஒரே எண்ணைப் பகிர்கிறோம். நிலையான ஐபி காசு கொடுத்து வாங்காமல் இந்த வழி திறக்காது.

ஒரு தடவை திறக்கிறது, மறுதடவை மூடுகிறது. கல்லூரியில் இரண்டு லைன் இருக்கிறதா என்று கேளுங்கள். சுமையைப் பகிர்வதற்காக ஃபயர்வால் ஒருமுறை இந்த லைனிலும் அடுத்தமுறை அந்த லைனிலும் அனுப்பும். பதிந்திருப்பது ஒரு லைனின் எண் மட்டும். இரண்டையும் பதியலாம், அல்லது இதழ்த் தளங்கள் எப்போதும் ஒரே லைனில் போகும்படி விதி எழுதச் சொல்லலாம்.

நேற்று வரை சரி, இன்று அந்த ஒரு பதிப்பாளர் மட்டும் அடியோடு மூடிவிட்டார். யாரோ டவுன்லோடு மேனேஜர் வைத்து நூற்றுக்கணக்கில் இழுத்திருப்பார்கள். பதிப்பாளர் நம் எண்ணையே தடுத்திருப்பார். அவருக்கு எழுதுங்கள். எந்தக் கணினி, எந்த நேரம் என்று ஃபயர்வால் பதிவிலிருந்து சொல்ல முடிந்தால் சீக்கிரம் திறப்பார்.

ஒரு கட்டுரை மட்டும் திறக்கவில்லை. இது கோளாறே இல்லை, அது நம் சந்தாவுக்குள் வராத இதழ். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் உண்டு. ஆனால் அது மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. எல்லாக் கல்லூரிக்கும் உண்டு என்று நினைத்து வந்து கேட்பவர்களிடம் பொறுமையாக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு சோத்கங்கா ஆய்வேடுகளையோ தேசிய மின் நூலகத்தையோ காட்டுங்கள். அவற்றுக்குச் சந்தா வேண்டாம்.

## வைஃபை காட்டுகிறது, இணைய மறுக்கிறது

"ஐபி முகவரி பெறுகிறது" என்றே சுற்றிக்கொண்டிருந்தால் முகவரிகள் தீர்ந்துவிட்டன. சாதாரண அமைப்பில் 254 முகவரிதான் உண்டு. இரண்டு ஷிஃப்ட் நடக்கும் கல்லூரியில் இதை நன்றாகப் பார்க்கலாம்: காலை ஷிஃப்ட் பிள்ளைகளின் போன்கள் பிடித்த முகவரி 24 மணி நேரம் அவர்கள் பெயரிலேயே கிடக்கும், அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினாலும். மாலை ஷிஃப்ட் வரும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது. ரௌட்டரில் லீஸ் நேரத்தை ஒரு மணி, இரண்டு மணி என்று குறையுங்கள். காசு செலவே இல்லை.

கடைசி மேசையில் மட்டும் சிக்னல் இல்லை என்றால் இரும்பு அலமாரிகளைப் பாருங்கள். ஏழடி இரும்பும் அதில் அடைத்த காகிதமும் அலைக்குச் சுவர் மாதிரி. வைஃபை பெட்டியை நூலகர் அறையிலிருந்து எடுத்து வாசிப்பறைக் கூரையில் மாட்டினாலே பாதி வேலை முடிந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று பெட்டி இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்று தனித்தனிச் சேனல் கொடுங்கள். வீட்டு ரௌட்டரில் முப்பது நாற்பது போன் ஏறினால் அது திணறத்தான் செய்யும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் நல்ல ஆக்சஸ் பாயின்ட் வாங்கி, தெரிந்தவரை வைத்துப் போட வேண்டியதுதான்.

## இடி மழைக்கு மறுநாள்

ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு வருடமும் ஒரு சுவிட்ச் போகும். முழுதாகச் செத்தால் தெரிந்துவிடும். சில போர்ட் மட்டும் செத்து மற்றவை ஓடினால்தான் குழப்பம். கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். செத்த போர்ட்டில் டேப் ஒட்டுங்கள். வருடா வருடம் அதே சுவிட்ச் போனால், வேறு கட்டிடத்திலிருந்து திறந்தவெளியில் செம்புக் கேபிள் வருகிறதா என்று பாருங்கள். அந்த ஒரு தூரத்தை ஃபைபராக மாற்ற வேண்டும். எர்த்திங் சோதனையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

## நெட் போனதும் புத்தகம் கொடுப்பதும் நிற்கிறது

கோஹா போன்ற நூலக மென்பொருள் வெளி சர்வரில் இருந்தால் இப்படி ஆகும். அன்றைக்குக் கைநோட்டில் எழுதுங்கள், அல்லது கோஹாவின் ஆஃப்லைன் சர்குலேஷன் வசதியை முன்கூட்டியே பழகி வைத்திருங்கள். சர்வர் கல்லூரிக்குள்ளேயே இருந்தும் நிற்கிறது என்றால் அதைப் பெயரால் கூப்பிடுகிறீர்கள். உள் ஐபி எண்ணை உலாவியில் நேராக அடித்தால் பெரும்பாலும் திறக்கும்.

## புகார் பதியும்போது

"நெட் இல்லை" என்று மட்டும் சொன்னால் "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்றுதான் பதில் வரும். வாடிக்கையாளர் எண், எந்த விளக்கு எந்த நிறத்தில், எத்தனை மணியிலிருந்து, மடிக்கணினியை நேராகச் செருகியும் வரவில்லை. இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். விளக்குகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்தால் பவர் மீட்டரில் ஒளி அளவு எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27-க்குக் கீழே போயிருந்தால் இன்று வந்தாலும் நாளை போகும், ஃபைபரை ஒட்டிய இடத்தைப் புதிதாக ஒட்டாமல் அவரை அனுப்பாதீர்கள். புகார் எண்ணையும் அந்த அளவையும் பெட்டிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த தடவை வேறு ஆள் வருவார்.